ஒழுங்கை முடக்கில் நெருஞ்சி

நெருஞ்சி என்றதும் தமிழில் எல்லோரும் அதன் பூவைப் புகழத் தொடங்கிவிடுவார்கள். சூரியன் போகும் திசையெல்லாம் முகம் திருப்பும், பத்தினிப் பூ, அது இது என்பார்கள். ஐந்து மாதம் அந்தப் பூவின் முன்னால் குந்தியிருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அது காலையில் விரியும், கொஞ்ச நேரம் வெயில் காயும், மதியம் தாண்டினால் இதழ்களைக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். அடுத்த வேலை முள் செய்வது. அதில் அது காட்டும் அக்கறையைப் பார்த்தால், பூப்பதெல்லாம் வெறும் சாட்டுக்குத்தான் என்று தோன்றும்.

நெருஞ்சியை நான் தேடிப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் சிறப்புப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்யவேண்டும். என் ஆசையெல்லாம் கடலோரக் கண்டல் மரங்களில் இருந்தது. ஆனால் கடலோரம் என்பது அப்போது மரம் பார்க்கப் போகிற இடமல்ல. கடலில் நேவி நின்றது, கரையில் செல் குண்டு விழுந்தது. எங்கள் விரிவுரையாளர் நடைமுறை தெரிந்த மனிதர். "வீட்டுப் படலையிலையிருந்து கூப்பிடு தூரத்துக்குள்ளை முளைக்கிற சுதேசச் செடி ஒண்டை எடுங்கோ. உயிரோடை இருந்து ஆய்வை முடியுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

செடிகளைப் பங்கிட்ட அன்று நான் பிந்திப் போனேன். வழியில் முள் குத்திச் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. போய்ச் சேர்ந்தபோது தும்பை போய்விட்டது, வல்லாரை போய்விட்டது, கீழ்க்காய்நெல்லிகூட ஒரு கெட்டிக்காரியின் கைக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது, என்னைப் பிந்தவைத்த அதே நெருஞ்சி. முளைப்பதிலிருந்து தானாகக் காய்ந்து சாகும்வரை ஒரே இடத்தில் அதைக் கவனிக்கவேண்டும். இடையில் பிடுங்கக்கூடாது, வெட்டக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. செடி தன் பாட்டில் வாழ்ந்து தன் பாட்டில் சாகவேண்டும். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் மனிதருக்கே கிடைக்காத வசதி அது.

எங்கள் வீடு இணுவிலில், தோட்டங்களுக்குப் போகிற ஒரு செம்மண் ஒழுங்கையில் இருந்தது. பெற்றோல் இல்லாததால் ஊர் முழுக்கச் சைக்கிளில் போனது. சைக்கிளுக்கு ரயர் வராது, ரியூப் வராது, ஒட்டுகிற பசையும் வராது. எல்லாவற்றுக்கும் அரசாங்கத் தடை. ரியூப்பில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்து ரப்பர் நாரால் இறுகக் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கீழே வந்து சீற்றில் இருப்பவரை உதைக்கும். இரண்டு கட்டு விழுந்த சைக்கிளில் பலாலி வீதியால் போனால் முதுகெலும்பு எத்தனை துண்டு என்று தெரிந்துவிடும். வேறு சிலர் ரியூப்பையே கழற்றி எறிந்துவிட்டு ரயருக்குள் வைக்கோலை அடைத்து ஓடினார்கள். இந்த நிலையில் ஒரு நெருஞ்சிமுள் என்பது சாதாரண முள் அல்ல.

இதை எங்கள் ஒழுங்கையில் எல்லோரையும்விட நன்றாக உணர்ந்தவர் பக்கத்து வீட்டு ஓவசியர் மாமா. சொந்த மாமா இல்லை. றோட்டுப் போடுகிற பகுதியில் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். பென்சன் எடுத்தாலும் றோட்டை விடவில்லை. ஒழுங்கை அவர் சொத்து மாதிரி. ஊரிலேயே ரியூப்பில் கட்டு விழாத இரண்டு ரயர்கள் அவருடைய சைக்கிளில்தான் இருந்தன. அவற்றைக் காப்பாற்றுவதற்காக ஒவ்வொரு ஞாயிறும் சிரமதானம் என்ற பெயரில் ஒழுங்கைக்காரரைக் கூட்டி நெருஞ்சி பிடுங்கவைத்தார். பிடுங்கியதைக் குவித்து எரிக்கும்போது பக்கத்தில் நின்று கடைசிப் பொறிவரை பார்ப்பார். சூரன் போரில்கூட அவர் முகத்தில் அந்தத் திருப்தியை நான் கண்டதில்லை.

மாரி மழை விட்ட கையோடு, எங்கள் வேலிக்கு வெளியே ஒழுங்கை திரும்புகிற முடக்கில், பன்னிரண்டு நெருஞ்சிக் கன்றுகளைத் தெரிந்தெடுத்து நான்கு தடி ஊன்றிக் கயிறு கட்டினேன். அடுத்த ஞாயிறு ஓவசியர் மாமா மண்வெட்டியோடு வந்து கயிற்றின் முன்னால் நின்றார்.

"பிள்ளை, உதென்ன கயிறு?"

"என்ரை ஆராய்ச்சி, மாமா."

"ஆராய்ச்சி எண்டால் புத்தகத்திலை செய்யிறதெல்லோ. ஒழுங்கையிலை ஏன்?"

"இது ஒழுங்கையிலைதானே முளைக்குது."

"முளைக்கிறதையெல்லாம் வளர்க்கிறதெண்டால் நான் ஏன் முப்பது வருசம் றோட்டுப் போட்டனான்?"

நான் பட்டம் என்றேன், அவர் ரயர் என்றார். சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்து, சீதனம் பேசுகிற பதத்தில் நடுவில் நின்று ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். செடிகள் கயிற்றுக்குள் இருக்கலாம். கொடி வெளியே நீண்டால் உள்ளே திருப்பிவிடவேண்டும். காய் முற்றினால் அன்றன்றே பொறுக்கித் தகர ரின்னில் போடவேண்டும். அதன்பிறகு ஒழுங்கையில் எவருக்குக் காற்றுப் போனாலும் பொறுப்பு நான். இந்தக் கடைசி நிபந்தனைக்குத் தலையாட்டியது என் மடமை. அடுத்த ஊர் உரும்பிராயில் காற்றுப் போனவர்கூட சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் படலையில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

ஆனால் செடியைப் பார்க்கப் பார்க்க, அதன் கெட்டித்தனத்தில் எனக்கு ஒரு மயக்கமே வந்துவிட்டது. நெருஞ்சி எழும்பி நிற்காது. நடுவில் ஒரு கட்டை, அதிலிருந்து நாலாபக்கமும் சைக்கிள் கம்பிகள்போலக் கொடிகள் ஓடி நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். மிதித்தாலும் சில்லு ஏறினாலும் முறிவதற்கு அதில் உயர்ந்த பாகம் ஒன்றுமில்லை. இலைகள் சோடி சோடியாக வரும். ஆனால் ஒவ்வொரு சோடியிலும் ஒன்று பெரியது, மற்றது சிறியது. பூ எப்போதும் சின்ன இலையின் கக்கத்தில்தான் தனியே வரும். இலையின் அடியில் பட்டு மயிர்கள் வெள்ளையாக மினுங்கும், வெயிலுக்கு அது ஒரு காப்பு. ஐந்து மஞ்சள் இதழ், பத்துக் கேசரம். இவ்வளவு ஒழுங்கான பூவை ஒரு சண்டியன் தலையில் யார் செருகினார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், இரண்டு சின்ன முள். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் விழும். எங்கள் சீமெந்து விறாந்தையில் நான் போட்டுப் போட்டுப் பார்த்தேன், அம்மா வந்து மிதிக்கும்வரை. செடியால் நடக்கமுடியாது. ஆகவே நடப்பவர்களில் ஏறிப் போகிறது. ஆட்டின் குளம்பு, ஆளின் செருப்பு, சைக்கிள் ரயர், எல்லாம் அதற்கு வாகனம். காற்றுப் போனவர் இறங்கி, முள்ளைப் பிடுங்கி, அதன் தாயையும் தகப்பனையும் இழுத்து இரண்டு வசனம் பேசி, வேலியோரம் வீசுவார். விதைப்பு முடிந்தது. எங்கள் ஒழுங்கைக்கு நெருஞ்சி விதைத்தது எங்கள் ஒழுங்கைக்காரரேதான்.

வாழிடத்தைப் பற்றி நான் கண்டுபிடித்தது இன்னும் மோசம். நெருஞ்சி தோட்டத்துக்குள் வராது. கொத்திப் புரட்டித் தண்ணீர் கட்டுகிற மண் அதற்குச் சரிவராது. பூவரச நிழலில் சோர்ந்துபோகும். புல் உயர்ந்த இடத்தில் புல்லிடம் தோற்றுவிடும். அதற்கு வேண்டியது வெட்டவெளி, வெயில், மிதிபட்டு இறுகிய வெறுமண். அதாவது, ஓவசியர் மாமா ஞாயிறுதோறும் புல்லைச் செதுக்கிச் செதுக்கி ஒழுங்கையை நெருஞ்சிக்கென்றே தயார் செய்துகொண்டிருந்தார். இதை நான் மரியாதையாக அவருக்கு விளங்கப்படுத்தினேன். அதன்பிறகு மாசி மாதம் முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை.

அம்மாவுக்கு வேறு துன்பம். பண்டத்தரிப்புப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள். பெண் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறா என்று கேட்டார்கள். அம்மா வாய் திறப்பதற்குள், வேலிக்கு அப்பாலிருந்து ஓவசியர் மாமாவின் குரல் வந்தது. "நெருஞ்சி." வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. ஆனால் அந்த மனிதரை அன்று நான் மனதாரத் திட்டினேன். அவருடைய இரண்டு ரயரும் ஒரே நேரத்தில் வெடிக்கவேண்டும் என்றுகூட நேர்ந்தேன்.

சித்திரை வெயில் தொடங்கியது. சிரமதானத்தின் புண்ணியத்தில் எங்கள் ஒழுங்கையில் மட்டுமல்ல, பக்கத்து ஒழுங்கைகளிலும் நெருஞ்சி இல்லை. மிச்சம் என் பன்னிரண்டு செடிகள். சுற்றியிருந்த புல்லெல்லாம் கருகியும் அவை பச்சையாகக் கிடந்தன. இன்னும் மூன்று நான்கு கிழமையில் அவை தானாகக் காயும், நான் கடைசிப் பகுதியை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். அப்போதுதான் ஓவசியர் மாமாவுக்குக் குத்து வந்தது.

விடியற்காலை ஒரு சத்தம் கேட்டது. குண்டு போட ஹெலிகொப்டர் வருகிறதாக்கும் என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு பங்கர்க் குழிக்கு ஓடினார். பங்கருக்குள் இருந்து கேட்டபோதுதான் அது ஹெலி அல்ல, பக்கத்து வீட்டு மாமா என்று தெரிந்தது. இடுப்புக்குப் பின்னால் நாரியில் தொடங்கி அடிவயிறு வரை கத்தியால் கிழிக்கிற மாதிரி என்றார். மூத்திரம் போகவில்லை. போன துளியும் சிவப்பாகப் போனது. சைக்கிள் கரியரில் தலையணை கட்டி, நாலு பேர் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டொக்டர் கல்லாக இருக்கும் என்றார். படம் எடுக்க பிலிம் இல்லை. வலிக்குப் போடுகிற ஊசியைக் காயக்காரருக்கு வைத்திருந்தார்கள். அதிலும் பாதி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். மத்தியானம் அவர் திரும்பி வந்து கட்டிலில் சுருண்டு, முருகனையும் முன்னாள் மேலதிகாரிகளையும் ஒரே சொல்லால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வந்து நாடி பார்த்தார். சிறுநெருஞ்சி வேண்டும் என்றார். பெரிய ஆனைநெருஞ்சி சரிவராது. காய்ந்ததும் சரிவராது. வேர், கொடி, இலை, காய் என்று முழுச்செடியும் பச்சையாக வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார். மருந்துக்கடையில் கேட்டால், காய்ந்த நெருஞ்சிகூட இல்லை, கொழும்பிலிருந்து லொறி வந்தால்தான் என்றார்கள். யாழ்ப்பாணத்தாரின் காலையும் ரயரையும் விடாமல் குத்திய முள் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. குருநகர்க் கடற்கரை மணலில் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். ஆனால் காலையிலிருந்து அந்தப் பக்கம் செல் விழுந்துகொண்டிருந்தது, போகக்கூடாது என்று அவரே சொன்னார்.

ஓவசியர் மாமி வேலிப்பொட்டின் இடைவெளிக்குள்ளால் வந்தார். கையில் ஒரு சருவச்சட்டி. கேட்கவேண்டியதைக் கேட்காமல், என் செடிகளைப் பார்த்தபடி நின்றார்.

"பிள்ளை, அந்தாள் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டுது. நான்தான் கேக்கிறன்."

எனக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால் முதல் வந்த அழுகை செடிகளுக்காகத்தான். ஐந்து மாதம் வெயிலில் குந்தியிருந்தேன். ஊர் முழுக்கக் காற்றுப் போனதற்குப் பேச்சு வாங்கினேன். இப்போது பிடுங்கினால் ஆய்வு முடியாது, பட்டத்தில் நல்ல வகுப்புக் கிடைக்காது, ஒரு வருடம் மறுபடியும் காத்திருக்கவேண்டும். அந்த ஊரில் ஒரு வருடம் கழித்து யார் இருப்போம், பல்கலைக்கழகம் எங்கே இருக்கும் என்று எவருக்கும் தெரியாது. பிறகு வேலிக்கு அப்பால் மாமா ஒருமுறை கத்தினார். இந்தமுறை சொல் ஒன்றும் இல்லை, வெறும் சத்தம். அந்த மனிதர் செத்துப்போனால் நான் ஒழுங்கையில் யாரோடு சண்டை பிடிப்பேன் என்ற பயம் திடீரென்று வந்தது. நான் உள்ளே போய் நிலம் கிண்டுகிற அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தேன். அளக்கிற அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடிமட்டத்துக்குக் காரணம் இருந்தது. பிடுங்கக்கூடாது என்பதால் அதுவரை நான் அந்தச் செடிகளின் வேரைக் கண்டதே இல்லை. மேலே இவ்வளவு பணிந்து கிடக்கிற செடி, கீழே என்ன செய்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். ஒரே ஒரு ஆணிவேர், பக்கவேர் அதிகமில்லை, நேரே இறங்கிப் போனது. செம்மண் முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்குகிற இடத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கல்லில் மயிரளவு வெடிப்பைத் தேடிப் பிடித்து அதற்குள்ளும் போயிருந்தது. சுற்றியிருந்த புல் கருக இது பச்சையாகக் கிடந்த காரணம் எனக்கு அந்த நேரத்தில் விளங்கியது. நான் எல்லாவற்றையும் மறந்து, நிலத்தில் படுத்துக்கொண்டு, அடிமட்டத்தை வேரோடு பிடித்தேன்.

"அளந்து முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார் மாமி. "இஞ்சை ஒரு மனிசன் சாகுது."

"இன்னும் ரெண்டே ரெண்டு வேர், மாமி. இந்தாங்கோ, இதுகளைக் கொண்டுபோய் அடுப்பிலை வையுங்கோ."

கடைசி வேரை நான் அளந்துகொண்டிருக்கும்போதே முதல் செடிகள் கொதிக்கத் தொடங்கிவிட்டன. எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சவேண்டும். மண்ணெண்ணெய் இல்லை, பனைமட்டை எரித்தார்கள். புகையில் மாமிக்கும் கண்ணீர், எனக்கும் கண்ணீர். யார் எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. மாமா முதல் வாயைக் குடித்துவிட்டு, "உது என்ன கசாயம், றோட்டுக்கு ஊத்திற தார்மாதிரி" என்றார். அதைக் கேட்டதும் அவர் பிழைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

பரியாரியார் இன்னொரு கட்டளையும் போட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மூத்திரம் வெள்ளைத்துணி கட்டிய சட்டியில்தான் போகவேண்டும், கல் விழுந்தால் தெரியவேண்டும். முப்பது வருடம் அரசாங்கச் சம்பளம் எடுத்த மனிதர் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் துணி கட்டிய சட்டியோடு நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் ஒழுங்கைக்காரர் எல்லோரும் ஒவ்வொரு சாட்டில் வந்து நின்றார்கள். ஒருவர் தீப்பெட்டி கேட்டு வந்தார், ஒருவர் ஆட்டைத் தேடி வந்தார். ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டே தேடினார். அன்று இரவும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம், சட்டி விளிம்பில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பிறகு கேட்ட நீண்ட சத்தத்தை நான் எழுதத் தேவையில்லை. வேலிக்கரையில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கல்லை இறக்கியது எது என்று ஊரில் பிறகு பெரிய வாதம். பரியாரியார் நெருஞ்சி என்றார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர்கள் தண்ணீர் என்றார்கள். மாமி கோயில் கந்தசாமியார் என்றார். படித்தவள் என்று என்னைக் கேட்டார்கள், தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. மாமா மட்டும் ஒருவருக்கும் பங்கு கொடுக்கவில்லை.

என் கணக்கு மட்டும் தீரவில்லை. செடிகள் தானாகச் சாகவில்லை என்று விரிவுரையாளரிடம் சொல்ல வகுப்புக்குப் போனேன். சொல்லத் தொடங்கினேன், பாதியில் கதவடியில் இருமல் கேட்டது. ஓவசியர் மாமா. வெள்ளை வேட்டி, நசனல் சட்டை, நெற்றியில் திருநீற்றில் மூன்று குறி. அந்த உடம்போடு இணுவிலிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போலிருந்தது. அவர் நேரே வந்து, மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, விரிவுரையாளரின் மேசையில் வைத்துத் திறந்தார்.

"இந்தப் பிள்ளையின்ரை செடியள் எங்கை போனதெண்டு கேப்பியள். இஞ்சைதான் போனது."

பஞ்சின்மேல் கல் கிடந்தது. விரிவுரையாளர் பெருப்பித்துக் காட்டும் கைவில்லையை எடுத்துக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பழுப்பு நிறம், சுற்றிவர முள் முள்ளாக இருந்தது. வகுப்பு முழுக்க வரிசையில் வந்து பார்த்தது. தும்பைக்காரியும் வல்லாரைக்காரியும் தங்கள் செடிகளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கவில்லையே என்ற முகத்தோடு போனார்கள்.

"வேர் அளந்தீரோ?" என்று விரிவுரையாளர் என்னைக் கேட்டார்.

"பன்னிரண்டும் அளந்தனான், சேர்."

"அப்ப அதையும் சேர்த்து, நடந்ததை அப்படியே எழுதும். மனிசரும் வாழிடத்திலை ஒரு பகுதிதான்."

எனக்கு மூச்சு வந்தது. விரிவுரையாளர் கைவில்லையைக் கீழே வைத்துவிட்டு, ஆசையோடு தீப்பெட்டியைப் பார்த்தார். "ஐயா, இதை எங்களிட்டைத் தாறியளோ? போத்தலிலை போட்டு, பிள்ளையின்ரை ஆய்வுக்குப் பக்கத்திலை வைப்பம்."

ஓவசியர் மாமா தீப்பெட்டியை மூடி மடியில் செருகிக்கொண்டார்.

"அதெப்பிடித் தம்பி குடுக்கிறது? பெத்தது நானெல்லோ."

விரிவுரையாளர்தான் முதலில் சிரித்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் சாகாமல் இருந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.